மேலிருந்து வந்த கனிவு: ஆங்கிலத்தின் பரிவுச் சொற்கள் பிறந்ததும் திரிந்ததும்

ஆங்கிலம் பேசும் நாடுகளில் ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால், தெரிந்தவர்கள் கடையில் 'சிம்பதி' அட்டை வாங்கி அனுப்புவார்கள். 'பிட்டி' அட்டை என்று ஒன்று எந்தக் கடையிலும் கிடைக்காது. 'ஐ பிட்டி யூ' என்று ஒருவர் இன்னொருவரின் முகத்துக்கு நேரே சொன்னால் அதை வசையாகவே கொள்வார்கள். ஆனால் ஆங்கில-தமிழ் அகராதிகளைப் புரட்டினால் 'பிட்டி', 'மெர்சி', 'சிம்பதி', 'கம்பேஷன்' ஆகிய நான்குக்கும் இரக்கம், கருணை, பரிவு, அனுதாபம் என்ற அதே சொற்களே இடம் மாறி மாறி நிற்கின்றன. ஆங்கிலத்தைப் படித்துக் கற்ற நம்மில் பலர் இவற்றை ஒன்றுக்கு மற்றொன்றாகப் போட்டுவிடுவதற்கு இதுவே காரணம்.

இச்சொற்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை உணர்ச்சியின் அளவில் தேடினால் கிடைக்காது. கனிவு காட்டுபவர் எங்கே நிற்கிறார், அதைப் பெறுபவர் எங்கே நிற்கிறார் என்ற இடநிலையில்தான் அது இருக்கிறது. ஆங்கிலத்தில் கனிவைக் குறிக்கும் பழைய சொற்களில் பல, மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் காட்டும் பண்பைக் குறித்தே வளர்ந்தன. பிறப்பால் வந்த உயர்வைப் பற்றிய நம்பிக்கை அந்தச் சமூகத்தில் தளரத் தளர, அச்சொற்கள் ஒவ்வொன்றாகக் கசந்தன. கசந்த இடத்தை நிரப்பப் புதிய சொற்கள் தேடப்பட்டன. இந்த வரலாற்றை அறிந்தால், அகராதி சொல்லாமல் விடும் வேறுபாடுகள் தாமே விளங்கும் என்பது என் துணிவு.

'கைண்ட்' என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். பழைய ஆங்கிலத்தில் அதன் மூல வடிவம் 'இயல்பான', 'பிறப்போடு வந்த' என்று பொருள்பட்டது. குலத்தையும் உறவையும் குறிக்கும் 'கின்' என்பது அதற்கு நெருங்கிய உறவுச் சொல். தன் குலத்தாரிடம் ஒருவர் இயல்பாக எப்படி நடந்துகொள்வாரோ அப்படி நடப்பதே 'கைண்ட்' எனப்பட்டது. பின்னர்தான் அந்த அன்பு குலத்துக்கு வெளியே இருப்பவருக்கும் நீளலாம் என்ற பொருள் விரிந்தது. வகை என்ற பொருளில் இன்றும் வழங்கும் 'கைண்ட்' அந்தப் பழைய பொருளின் மிச்சமே.

'ஜென்டில்' என்ற சொல் வேறு வழியாக வந்தது. லத்தீனில் 'கென்ஸ்' என்றால் குடி. 'கென்டிலிஸ்' என்றால் ஒரே குடியைச் சேர்ந்தவர். பிரெஞ்சு மொழியில் அது நல்ல குடியில் பிறந்தவரைக் குறித்தது. நார்மன்கள் 1066இல் இங்கிலாந்தை வென்று ஆளத் தொடங்கியபின், ஆளுவோரின் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்த ஏராளமான சொற்களில் இதுவும் ஒன்று. 13ஆம் நூற்றாண்டில் 'ஜென்டில்' என்றால் உயர்குடிப் பிறந்தவர் என்றே பொருள். உயர்ந்த பிறப்புடையவரிடம் நயமும் நிதானமும் இயல்பாக இருக்கும் என்று அக்காலத்தார் நம்பியதால், அச்சொல் மெல்ல நடத்தைக்குரியதாகி, 16ஆம் நூற்றாண்டில் மென்மை என்ற பொருளில் நிலைபெற்றது. குழந்தையைத் தொடும் கையையும், இலேசாக வீசும் காற்றையும் இன்று 'ஜென்டில்' என்று சொல்லும்போது, ஒரு காலத்தில் அது பரம்பரைச் சிறப்பைக் குறித்த சொல் என்பது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. 'ஜென்டில்மேன்' என்ற சொல்லில் மட்டும் அந்த நினைவு நெடுங்காலம் நீடித்தது. 1381இல் இங்கிலாந்தில் உழவர் கிளர்ச்சி மூண்டபோது ஜான் பால் என்ற பாதிரியார், ஆதாம் நிலத்தைக் கொத்தியபோதும் ஏவாள் நூல் நூற்றபோதும் 'ஜென்டில்மேன்' யார் இருந்தார் என்று கேட்டார். அந்தக் கேள்வியின் கூர்மை, அச்சொல்லை நல்லவர் என்று படித்தால் தொலைந்துபோகும். உயர்குடியார் என்று படித்தால்தான் தெரியும். அதே ஆண்டில் அவர் கொல்லப்பட்டார்.

தமிழ் வாசகருக்கு இங்கே கூடுதலாக ஒரு செய்தி உண்டு. 'கைண்ட்', 'ஜென்டில்' ஆகிய இரண்டும், பிறத்தல் என்று பொருள்படும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை என்று சொற்பிறப்பியலாளர்கள் காட்டுகின்றனர். சமஸ்கிருதத்தில் அதே வேர் ஜனனம், ஜனம் என்றும், ஜாதி என்றும் கிளைத்தது. ஒரே வேரிலிருந்து ஓரிடத்தில் கனிவைக் குறிக்கும் சொல்லும் இன்னோரிடத்தில் மனிதரைப் பிரித்து வைக்கும் சொல்லும் தோன்றியிருப்பதை நான் தற்செயல் என்று எளிதில் கடந்துபோக மாட்டேன். அன்பு முதலில் பிறப்பின் எல்லைக்குள்தான் பேசப்பட்டது. அந்த எல்லையைத் தாண்டியதா, அல்லது எல்லையாகவே இறுகியதா என்பதில்தான் இச்சொற்களின் வழிகள் பிரிந்தன.

'டெண்டர்' என்ற சொல்லில் இந்த உயர்வு தாழ்வு இல்லை. நாளிதழில் ஒப்பந்தப்புள்ளி கோரும் 'டெண்டர்' வேறு சொல். அது நீட்டுதல், முன்வைத்தல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. கனிவைக் குறிக்கும் 'டெண்டர்' இளமையான, மெல்லிய, எளிதில் நசுங்கக்கூடிய என்று பொருள்படும் 'தெனெர்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. இளந்தளிர், வெந்து பதமான இறைச்சி, பிஞ்சு வயது ஆகிய அனைத்தும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கின. இதில் எனக்கு மிகவும் பிடித்த கூறு ஒன்று உண்டு. தொட்டால் வலிக்கும் இடமும் 'டெண்டர்'தான், வலிக்காதபடி தொடும் கையும் 'டெண்டர்'தான். நம் ஊர் மருத்துவமனைகள் தரும் அறிக்கையில் வயிற்றின் ஒரு பக்கத்தில் 'டெண்டர்னஸ்' இருப்பதாக எழுதியிருந்தால், அந்த இடத்தை அழுத்தினால் வலிக்கிறது என்பது பொருள். நொந்திருப்பவரின் நிலையையும், அந்த நோவை அறிந்து நடப்பவரின் பண்பையும் ஒரே சொல்லால் குறிப்பதால் இதில் மேலும் கீழும் இல்லாமல் போயின.

இச்சொல் சட்டத்துக்குள்ளும் நுழைந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயச் சட்டப்படி குழந்தைகள் முழுக்க முழுக்கத் தந்தையின் உரிமைக்கு உட்பட்டவர்கள். கணவரைப் பிரிந்த கேரலைன் நார்ட்டன் என்பவர், தம் மூன்று ஆண்பிள்ளைகளையும் பார்க்க முடியாமல் தவித்து, துண்டறிக்கைகள் எழுதிப் போராடினார். அதன் விளைவாக 1839இல் வந்த சட்டம், ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தம்மிடம் ஒப்படைக்கும்படி தாய் நீதிமன்றத்தை நாடலாம் என்று அனுமதித்தது. தகாத உறவுக் குற்றம் நிரூபிக்கப்பட்ட தாய்க்கு அந்த வாய்ப்பு மறுக்கப்பட்டது. பிஞ்சுப் பருவத்தில் குழந்தைக்குத் தாய் வேண்டும் என்ற இந்தக் கருத்தை ஆங்கிலத்தில் 'டெண்டர் இயர்ஸ்' கோட்பாடு என்பார்கள். ஐந்து வயது நிரம்பாத குழந்தை பொதுவாகத் தாயிடமே இருக்கவேண்டும் என்று இந்தியாவின் 1956ஆம் ஆண்டு இந்து இளவர், காப்பாளர் சட்டம் சொல்வதிலும் அதே எண்ணம் இருக்கிறது.

கசந்த சொற்களில் முதன்மையானது 'சாரிட்டி'. அருமையானவர் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த 'காரிதாஸ்', கிறித்தவ மறையில் கிரேக்க 'அகாபே'க்கு ஈடாக வைக்கப்பட்டது; கடவுள் மனிதரிடமும், மனிதர் கடவுளிடமும், மனிதர் மனிதரிடமும் காட்டும் பேரன்பு அது. வில்லியம் டின்டேல் 1526இல் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் அச்சிட்டபோது, அந்த இடங்களில் 'சாரிட்டி'யை விட்டுவிட்டு எல்லோரும் வீட்டில் பேசும் 'லவ்' என்ற சொல்லை வைத்தார். கத்தோலிக்க அறிஞரான தாமஸ் மோர் 1529இல் இதைக் கடுமையாகக் கண்டித்தார். 'லவ்' என்பது எல்லா வகை ஆசைக்கும் பொதுவான சொல் என்றும், 'சாரிட்டி' என்றால்தான் நெறிப்பட்ட நல்லன்பு என்று கேட்பவர் கொள்வர் என்றும் அவர் வாதிட்டார். ஆனால் அதற்குள்ளேயே 'சாரிட்டி' ஏழைக்குக் கொடுக்கும் பிச்சையையும் குறிக்கத் தொடங்கியிருந்தது. ஒரு சொல்லுக்காக இவ்வளவு சண்டையா என்று இன்று தோன்றலாம். அன்பு கொடுப்பவரின் தகுதியைக் காட்டுகிறதா, அல்லது எல்லோருக்கும் பொதுவான உணர்வா என்ற கேள்வியே அந்தச் சண்டைக்குள் இருந்தது. டின்டேல் 1536இல் கொல்லப்பட்டார். 1611இல் வந்த அரசர் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பு, பவுலடியார் அன்பைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற அதிகாரத்தில் மீண்டும் 'சாரிட்டி'யையே வைத்தது. 1881இல் வெளியான திருத்திய பதிப்பில்தான் 'லவ்' திரும்பி வந்தது.

இடைப்பட்ட காலத்தில் 'சாரிட்டி' என்ற சொல்லுக்கு நேர்ந்ததை இங்கிலாந்தின் ஏழைகள் நன்கு அறிந்திருந்தார்கள். 1601ஆம் ஆண்டின் சட்டங்கள் ஏழைகளைக் காக்கும் பொறுப்பை ஊர்களிடமும், அறக்கொடைகளைக் கண்காணிக்கும் வழியை அரசிடமும் வைத்தன. 1834இல் வந்த புதிய ஏழைகள் சட்டம், உழைக்கக்கூடிய உடலுடையவர் உதவி வேண்டினால், ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கும் உழைப்பில்லத்துக்குள் வந்து தங்கவேண்டும் என்ற கொள்கையை முன்வைத்தது. அங்கே கணவன், மனைவி, பிள்ளைகள் தனித்தனியே பிரிக்கப்பட்டார்கள். கொடுப்பவர் தகுதி பார்த்துக் கொடுத்தார், வாங்குபவர் தலைகுனிந்து வாங்கினார். குளிரைச் சொல்ல 'சாரிட்டி போலக் குளிர்' என்ற மரபுத்தொடர் ஆங்கிலத்தில் நிலைத்தது. பேரன்பைக் குறித்த சொல், வாங்குபவர் கூசும் சொல்லாக மாறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

'பிட்டி'யின் கதையும் அதுபோன்றதே. தெய்வத்துக்கும் பெற்றோருக்கும் நாட்டுக்கும் செய்யவேண்டிய கடமையுணர்வை லத்தீனில் 'பியெதாஸ்' என்றனர். பக்தியைக் குறிக்கும் 'பையட்டி'யும், இரக்கத்தைக் குறிக்கும் 'பிட்டி'யும் அந்த ஒரே சொல்லின் இரு வடிவங்கள். நெடுங்காலம் அவை ஒன்றோடொன்று கலந்தே வழங்கின. 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் கடவுள் மிகவும் 'பிட்டிஃபுல்' என்று ஓர் இடத்தில் வருகிறது. மிகுந்த மனவுருக்கம் உடையவர் என்பது அங்கே பொருள். இன்று ஒருவரை 'பிட்டிஃபுல்' என்றால் பரிதாபத்துக்கும் இகழ்ச்சிக்கும் உரிய ஆள் என்றே கொள்வார்கள். இரங்குபவரைக் குறித்த சொல், இரங்கப்படுபவரைக் குறிப்பதாகத் திரும்பி, அவரைத் தாழ்த்தவும் செய்தது. 1992இல் இலண்டனில், தொலைக்காட்சி வழியே நிதி திரட்டும் நீண்ட நிகழ்ச்சி ஒன்றை எதிர்த்து மாற்றுத்திறனாளிகள் திரண்டபோது, தங்களைக் காட்டிக் கண்ணீர் வரவழைத்துப் பணம் சேர்ப்பதை ஏற்க மறுத்தார்கள். தங்களுக்குத் தேவை உரிமையே தவிர 'சாரிட்டி'யும் 'பிட்டி'யும் வேண்டாம் என்றார்கள். நூற்றாண்டுகளாக மேலிருந்து கீழே விழுந்துகொண்டிருந்த பார்வையை, கீழே நிறுத்தப்பட்டவர்களே மறுத்துப் பேசிய தருணம் அது.

'மெர்சி' மட்டும் இந்தச் சரிவிலிருந்து ஓரளவு தப்பியது. கூலி, ஊதியம் என்று பொருள்பட்ட லத்தீன் சொல் அதன் மூலம். வணிகரைக் குறிக்கும் 'மெர்ச்சன்ட்' அதன் உறவுச் சொல். எதையும் திருப்பித் தர முடியாதவருக்குச் செய்த உதவிக்கு மறுமையில் கிடைக்கும் பலன் என்ற கருத்தின் வழியே அது இரக்கமாயிற்று. தண்டிக்கும் அதிகாரம் உடையவர் மட்டுமே 'மெர்சி' காட்ட முடியும் என்பதால், அதில் உள்ள உயரம் வெளிப்படையானது. யாரும் அதை மறைக்காததால்தான் அது கசக்கவில்லை என்று நினைக்கிறேன்.

மறைக்கப்பட்ட உயரத்துக்கு எடுத்துக்காட்டு 'கண்டிசென்ஷன்'. தன்னைவிடத் தாழ்ந்தவரோடு சமமாகப் பழக ஒருவர் மனமுவந்து இறங்கி வருவது என்று சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதி அதற்குப் பொருள் கூறுகிறது. அன்று அது புகழ்ச்சி. இன்று ஒருவரிடம் 'கண்டிசென்ஷன்' தெரிகிறது என்றால், அவர் பேச்சில் நம்மை மட்டமாக எண்ணும் தொனி இருக்கிறது என்று பொருள். இறங்கி வருவதாக ஒருவர் காட்டிக்கொள்ளும்போதே தாம் மேலே இருப்பதாகவும் சொல்லிவிடுகிறார் என்பதைப் பிந்திய தலைமுறை கண்டுகொண்டது. புரவலரைக் குறிக்கும் 'பேட்ரன்' என்ற சொல்லிலிருந்து வந்த 'பேட்ரனைஸ்' என்ற வினையும் இதே வழியில் சென்றது. ஜான்சனே அதற்கு முன்னோடி. அகராதி வேலையின் கடினமான ஆண்டுகளில் கைவிட்டுவிட்டு, முடியும் தறுவாயில் பாராட்ட வந்த செஸ்டர்ஃபீல்ட் பிரபுவுக்கு 1755 பிப்ரவரியில் அவர் எழுதிய கடிதம், நீரில் ஒருவன் உயிருக்குப் போராடும்போது அக்கறையின்றிப் பார்த்திருந்து, அவன் கரையேறியபின் உதவி என்று வந்து தொல்லைப்படுத்துபவர்தானா புரவலர் என்று கேட்கிறது. அந்தக் கேள்வியின் வெப்பம் இன்றும் ஆறவில்லை.

'சிம்பதி' உணர்ச்சியைக் குறிக்கும் சொல்லாகத் தொடங்கவில்லை. பொருள்களுக்கிடையே தொலைவைக் கடந்து செயல்படும் ஓர் ஈர்ப்பு இருப்பதாக 16, 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் நம்பினர். அதன் பெயர்தான் 'சிம்பதி'. கெனல்ம் டிக்பி என்பவர் 1658இல் வெளியிட்ட உரையில், காயத்தில் கட்டியிருந்த துணியைத் துத்தப்பொடி கரைத்த நீரில் இட்டால், தொலைவில் இருக்கும் காயம் ஆறும் என்று விவரித்தார். மருத்துவத்தில் அந்த நம்பிக்கை மறைந்தது. இசையிலும் இயற்பியலிலும் ஒரு கம்பி அதிரும்போது தொடாத மற்றொரு கம்பியும் அதிர்வதைக் குறிக்க அச்சொல் நிலைத்தது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ஒத்ததிர்வுக்குப் 'பரிவு' என்ற கலைச்சொல்லை ஆள்வது இதனோடு அழகாகப் பொருந்துகிறது. மெய்யியலாளர் டேவிட் ஹியூம் 1739-40இல், ஒரே அளவில் முறுக்கிய கம்பிகளில் ஒன்றின் அசைவு மற்றவற்றுக்குப் பரவுவதுபோல் மனிதரின் உணர்ச்சிகளும் பரவுகின்றன என்று எழுதினார். 1759இல் மற்றொரு மெய்யியலாளரான ஆடம் ஸ்மித், பிறர் படும் துன்பத்தை நம் புலன்கள் நேரடியாக அறிய முடியாது, நாம் அவர் நிலையில் இருந்தால் எப்படியிருக்கும் என்று கற்பனை செய்தே அறிகிறோம் என்று அதற்குத் திருத்தம் சொன்னார். இவர்கள் கையில்தான் பரிவு முதன்முறையாகக் கிடைமட்டமானது: சம உயரத்தில் இருப்பவை இரண்டு சேர்ந்து அதிர்வது.

நடைமுறையில் அந்தச் சமநிலை எளிதில் வரவில்லை. 1787இல் அடிமை வணிக எதிர்ப்புக்காக மட்பாண்டத் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட்டின் பட்டறை வார்த்த பதக்கத்தில், 'நான் ஒரு மனிதன் அல்லவா, சகோதரன் அல்லவா' என்று கேட்கும் கறுப்பின மனிதர் விலங்கிட்ட கைகளோடு மண்டியிட்டிருக்கிறார். வாசகம் சமத்துவத்தைக் கேட்கிறது. உருவம் கீழிருந்து மன்றாடுகிறது. அந்தப் பதக்கம் செய்த நன்மை பெரிது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அன்றைய ஆங்கிலப் பரிவு, மண்டியிடாத ஒருவருக்காகத் தானும் அதிர அறிந்திருந்ததா என்ற கேள்வியை அது விட்டுச்செல்கிறது.

அன்றாடச் சொற்களை விரைவாகப் பார்த்துவிடலாம். 'ஃபாண்ட்' முதலில் முட்டாள் என்று பொருள்பட்டு, அறிவிழந்து அன்பு வைப்பவரைக் குறித்து, இறுதியில் பிரியமுள்ளவராயிற்று. 'டியர்' என்றால் விலை மிகுந்தது என்பதும் அன்புக்குரியவர் என்பதும் சேர்ந்தே பொருள். கிடைப்பதற்கு அரியதை அருமை என்றும், 'அருமை மகளே' என்றும் சொல்லும் நமக்கு இதில் வியப்பில்லை. 'கேர்' பழைய ஆங்கிலத்தில் துயரம், கவலை. 'ஃப்ரெண்ட்' என்ற சொல்லும், வடமொழி வழி நம்மிடம் வந்த பிரியமும் ஒரே வேரின் கிளைகள். 'லவ்' என்பதற்கோ அதே வகையில் லோபம் உறவு. இவை யாவும் வீட்டுக்குள் வழங்கியவை என்பதால் உயர்வு தாழ்வின் அரசியல் இவற்றை அதிகம் தீண்டவில்லை.

'கம்பேஷன்' என்பது உடன் துன்புறுதல். நோயாளியைக் குறிக்கும் 'பேஷன்ட்'டும் அதே துன்புறுதல் என்ற லத்தீன் வினையிலிருந்து வந்ததுதான். 2012 டிசம்பரில் இங்கிலாந்தின் செவிலியப் பணிக்கு வகுக்கப்பட்ட ஆறு விழுமியங்களில் இச்சொல்லும் இடம்பெற்றது. ஸ்டாஃபர்ட்ஷயர் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகள் கவனிப்பின்றிக் கிடந்ததைப் பற்றிய பொது விசாரணை 2013இல் அறிக்கை தந்தபோது அது இன்னும் அழுத்தம் பெற்றது. 'பிட்டி'யைக் கேட்காத நோயாளிகள் 'கம்பேஷன்' கேட்கிறார்கள், ஏனெனில் அதில் பக்கத்தில் வந்து நிற்பதும் ஏதாவது செய்வதும் அடங்கியிருக்கின்றன. நம் அலுவலகத் தமிழில் இந்த வேறுபாடு காணாமல் போகிறது. தூக்குத்தண்டனைக் கைதி அனுப்பும் கருணை மனுவும், பணியில் இறந்தவரின் வாரிசுக்குத் தரும் கருணை வேலையும், தேர்வில் போடும் கருணை மதிப்பெண்ணும் நம்மிடம் ஒரே சொல். ஆங்கிலத்தில் முதலாவது 'மெர்சி', இரண்டாவது 'கம்பேஷன்', மூன்றாவது 'கிரேஸ்'. உரிமையாகப் பெறவேண்டிய வேலையை அருளாகப் பெறுவதுபோல அந்தச் சொல் ஆக்கிவிடுகிறது என்று எண்ணுகிறேன்.

'எம்பதி' இவை எல்லாவற்றிலும் இளையது. ஜெர்மானிய அழகியலாளர்கள் வழங்கிய, 'உள்ளே புகுந்து உணர்தல்' என்று பொருள்படும் சொல்லுக்கு ஈடாக, கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர் எட்வர்ட் டிட்ச்னர் 1909இல் கிரேக்க உறுப்புகளைக் கொண்டு இதை ஆக்கினார். மலையைப் பார்ப்பவர் தாமே உயர்வதுபோல் உணர்வதும், ஓவியத்தின் கோட்டோடு மனம் அசைவதும்தான் அன்று இதன் பொருள். மனிதரிடம் காட்டும் பண்பாக அது கருதப்படவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின், குறிப்பாக உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் உளச்சிகிச்சைக்கு இன்றியமையாத நிபந்தனைகளுள் ஒன்றாக இதை வைத்தபின், பிறர் உள்ளத்தை அவர் இடத்திலிருந்தே அறிதல் என்ற பொருள் பரவியது. பரம்பரையும் தேவாலயமும் ஏழைகள் சட்டமும் இதைத் தொட்டதில்லை; உயரத்தின் கறை படியாத சொல் ஒன்று தேவைப்பட்ட காலத்தில் இது கைக்குக் கிடைத்தது. இன்று மேலாளர் பயிற்சி வகுப்புகளில் திறமைகளில் ஒன்றாக இதைக் கற்பிக்கிறார்கள். பணியாளரின் மனத்தை அறிந்துகொள்ளும் மேலாளர், தம் மனத்தை அவருக்குத் திறப்பதில்லை என்றால், மறுபடியும் பார்வை ஒரு பக்கமாகவே செல்கிறது.

இத்தனை சொற்கள் இருந்தும், சாவு வீட்டு வாசலில் ஆங்கிலேயர் சொல்வது பெரும்பாலும் 'சாரி' என்ற சிறிய சொல்லைத்தான். மன்னிப்புக் கேட்பதற்கு மட்டுமே அதைப் பயன்படுத்திப் பழகிய நமக்கு அது வியப்பளிக்கலாம். துயரைக் குறிக்கும் 'சாரோ' அதன் மூலம் என்று ஒலியை வைத்து எண்ணத் தோன்றும். உண்மையில் அது புண்ணையும் வலியையும் குறிக்கும் 'சோர்' என்ற பழஞ்சொல்லின் குடும்பம். உங்கள் இழப்புக்காக 'சாரி' என்றால், எனக்கும் வலிக்கிறது என்று ஆகிறது. உங்களைப் பார்த்தால் 'சாரி'யாக இருக்கிறது என்றால் அதே சொல் 'பிட்டி'யின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அதைக் கேட்பவர் எத்தனை துன்பத்தில் இருந்தாலும் நிமிர்ந்து, அப்படிச் சொல்லவேண்டாம் என்று மறுப்பார்.